ஹாஜிரா பீ கேட்ட பர்மா

வாயில் ஆணி இருக்கும்போதுதான் ஹாஜிரா பீக்குப் பேச்சு வரும். சும்மா இருக்கும்போது ஏதாவது கேட்டால் "ம்", "இல்ல", "போ" என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுவாள். கடைவாயில் நாலு ஆணியை ஒதுக்கிக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே பலகையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாலோ, கச்சேரி ரோட்டு வழக்கு அத்தனையும் அங்கே பைசலாகும். கேட்கிறவர்களுக்குப் பாதிதான் புரியும். அதைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. புரிந்தவன் எடுத்துக்கொள்ளட்டும், புரியாதவன் வந்த வழியே நடக்கட்டும்.

மயிலாப்பூர்க் குளத்திலிருந்து சாந்தோமுக்குப் போகிற அந்த ரோட்டில், பள்ளிவாசலைத் தாண்டினால் ஒரு சந்து. வாசலில் பலகைகள் சார்த்தியிருக்கும் வீடு எதுவோ அதுதான் அவளுடையது. தகப்பனார் அவள் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது. முன்னறையில் நாற்காலி இல்லை, பாயும் இல்லை. நடுவில் ஒரு தேக்குத் தூண், அதைச் சுற்றிலும் மரச்சுருள், இழைப்புளி, வாள், அரக்குச் சாயம் காய்கிற சக்கரங்கள். விருந்தாளி வந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். வேலை நடக்கிற இடத்தில் உட்காருகிறவன் வேலையைக் கெடுக்கிறவன் என்பது அவள் சித்தாந்தம்.

அவள் செய்வது நடைவண்டி. மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி. பிடித்துக்கொண்டு குழந்தை தத்தித் தத்தி நடக்குமே, அந்த வண்டி. அதைப் பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தது. "பொம்ம வோணும்னா கொலுக் கடைக்குப் போ. இது வண்டி. ஆள் ஏறாத வண்டி, அவ்ளோதான்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். குழந்தையைக் கொண்டுவராமல் வண்டி கேட்டாலும் கிடைக்காது. குழந்தையை நிறுத்தி, அக்குளிலிருந்து தரைவரை ஒரு குச்சியால் அளந்து, முழங்காலைத் தடவிப் பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல்தான் கைப்பிடியின் உயரம். கொஞ்சுவது, முத்தம் கொடுப்பது எல்லாம் கிடையாது. தகப்பனார் மீர்சாகிப்பேட்டையில் ஜட்கா வண்டிக்குச் சக்கரம் செய்தவர். குதிரையின் காலைப் பார்க்கிற கண்ணோடுதான் மகளும் குழந்தையின் காலைப் பார்ப்பாள். மாட வீதி மாமிகளும் சாந்தோம் கோயில் தெருப் பெண்களும் இந்தப் பரீட்சைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றால், வண்டி அப்படி.

"என் வண்டி நேராப் போவும்" என்பாள். "கோணினா, புள்ள கோணிக்கினு நடக்குதுன்னு அர்த்தம். டாக்டராண்ட இட்டுக்கினு போ."

இந்தப் பெருமைக்குத்தான் போன வருஷம், யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு அடி விழுந்தது. வடக்கு மாட வீதி ஜானு மாமி ஒரு நாள் வண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"பீயம்மா, கோச்சுக்கப்படாது. வண்டி நன்னாத்தான் இருக்கு. ஆனா குழந்தையைக் கூடத்துல விட்டா, நேரா பூஜை உள்ளுக்குப் போயிடறான். எத்தனை தரம் திருப்பி விட்டாலும் அங்கேயே போய் முட்டிண்டு நிக்கறான். எங்க மாமியார் பேரனுக்குப் பக்தி முத்திடுத்துன்னு ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கா. எனக்கென்னமோ சக்கரம்னு தோணறது."

ஹாஜிரா பீ வண்டியை வாங்கித் தரையில் வைத்துத் தள்ளிப் பார்த்தாள். அது கிழக்கே புறப்பட்டுத் தெற்கே போய் முடிந்தது. சக்கரத்தின் நடுத் துளை சாய்ந்திருந்தது. அன்றைக்கு அவள் வாயில் ஆணி போடவில்லை.

குற்றம் தோளில். வில்லை இழுத்துத் துளை போடுகிற பழைய கருவிக்கு, ஒரு கை இழுக்க வேண்டும், இன்னொரு கை மேலிருந்து அழுத்த வேண்டும். அழுத்துகிற வலத் தோள் சில மாதங்களாகவே மக்கர் செய்துகொண்டிருந்தது. வலிக்குப் பயந்து உடம்பு ஒரு பக்கம் ஒதுங்கும். உடம்பு ஒதுங்கினால் துளையும் ஒதுங்கும். தைலம் தடவினாள், உப்பு ஒத்தடம் கொடுத்தாள், தோளைப் பார்த்துத் திட்டியும் பார்த்தாள். எதற்கும் அசையவில்லை. ஜானு மாமிக்குப் புதுச் சக்கரம் மாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, இனி கையை நம்பிப் பிரயோஜனமில்லை, பர்மாதான் வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பர்மா என்றால் உங்களுக்கும் எனக்கும் ரங்கூன், தேக்கு, அரிசி. உருது பேசுகிற ஹாஜிரா பீயின் பிறந்த வீட்டில் பர்மா என்றால் துளை போடும் கருவி. தகப்பனார் "பர்மா லாவ்" என்றால் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள் அவள். யுத்த காலத்தில் சாந்தோம் கடற்கரைப் பக்கம் பட்டாளத்தார் போட்டிருந்த பட்டறையில், தானே செங்குத்தாக இறங்கித் துளைக்கிற ஒரு மெஷினை வேலிச் சந்து வழியாகப் பார்த்திருந்தாள். அது அவள் கணக்கில் பெரிய பர்மா. அதற்கு வேறு பேர் இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

புகுந்த வீட்டாரோ தமிழ் பேசுகிற வியாபாரக் குடும்பம். உளி, சுத்தி பிடித்தறியாதவர்கள். அவர்களுக்குப் பர்மா என்றால் ஒரே பர்மாதான். ஹாஜிரா பீயின் புருஷன் அப்துல் கய்யூம் ஜவுளி வியாபாரம் செய்யப் போன பர்மா. போன புதிதில் தகவல் வந்தது, பணம் வந்தது. பிறகு தகவல் மட்டும் வந்தது. பிறகு, அங்கே ஒருத்தியை நிக்காஹ் செய்துகொண்டு குடியும் குடித்தனமுமாக இருக்கிறான் என்று மற்றவர்கள் மூலம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்டு, ஜனங்கள் காடு மலை கடந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த காலத்திலும் அவன் வரவில்லை. சந்தில் எல்லோரும் அவளைப் 'பர்மாக்காரர் வீடு' என்றார்கள். முதல் சில வருஷங்கள் அவள் அழுதது உண்மை. விளக்கில் எண்ணெய் தீர்கிற மாதிரி அந்த அழுகை ஒரு நாள் தீர்ந்துபோயிற்று. மறுநாள் பரண்மேல் கிடந்த தகப்பனாரின் கருவிப் பெட்டியை இறக்கினாள். அதற்குப் பிறகு யாராவது, "பாவம், புருசன் இல்லாம..." என்று இழுத்தால், "புருசன் இல்ல, வாள் கீது" என்று சொல்லி அறுக்க ஆரம்பித்துவிடுவாள்.

கய்யூமின் அண்ணன் ஷரஃபுதீன் ஒருவர்தான் அவளை மறக்காமல் வந்து பார்க்கிறவர். துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நிற்பார். "குறை ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்பார். நல்ல மனிதர். கண்ணீர் மட்டும் கொஞ்சம் மலிவு.

ஜானு மாமி வந்துபோன வெள்ளிக்கிழமையும் அவர் வந்து அதையே கேட்டார். ஹாஜிரா பீ அப்போது ஆணியும் வாயுமாக இருந்தாள்.

"பாய்ஜான், தெனம் ஆர்பர் பக்கம் போய்க்கினு வர்றீங்களே, பர்மா கெடைக்குமான்னு கொஞ்சம் விசாரிங்க. பழசா இருந்தாலும் பரவால்ல. துருப்புடிச்சுக் கெடந்தாலும் நான் எண்ணெ போட்டுத் தேய்ச்சுக்கறேன். வூடு வந்து சேந்தாப் போதும். தோள் வலி தாங்கல."

ஆணிகளுக்கு நடுவே புகுந்து வந்த இந்தப் பேச்சில் பெரியவர் காதுக்கு எட்டியவை இவ்வளவுதான்: பர்மா, விசாரிங்க, பழசா இருந்தாலும், வூடு வந்து சேந்தா, தாங்கல. அவர் கண் கலங்கிவிட்டது.

"இத்தன வருசமா வாயத் தொறக்கலியேம்மா நீ" என்றார்.

"இப்பத்தானே பாய்ஜான் வலி தாங்கல."

"கவலப்படாத. ஏழு கடலத் தாண்டிக் கெடந்தாலும் நான் கொண்டாந்து சேக்குறேன்." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். ஒரு துளை போடும் கருவிக்கு இவ்வளவு உருக்கமா என்று ஹாஜிரா பீக்கு ஆச்சரியம். தோள் வலியை நினைத்து அழுகிறார் போலிருக்கிறது என்று அவளாகவே சமாதானம் செய்துகொண்டு வேலையைப் பார்த்தாள்.

பெரியவர் சும்மா இருக்கவில்லை. ரங்கூனுக்குப் போகிற வியாபாரிகளிடம் சொல்லி அனுப்பினார். வருகிறவர்களைத் துறைமுக வாசலிலேயே பிடித்து நிறுத்தி விசாரித்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்! பர்மா விசயம் தகவல் வந்திருச்சும்மா."

"கெடச்சுதா?"

"கெடச்சிருச்சு. ரங்கூன்லயேதான்."

"அம்மாந் தூரத்துலேந்தா வருது? சரி, எப்படிக் கீது? ஆட்டம் கீட்டம் கீதா?"

பெரியவர் பெருமூச்சு விட்டார். "பொய் சொல்லுவானேன். கீழ கொஞ்சம் ஆட்டம் இருக்குன்னுதான் சொல்றாங்க."

"கீழ ஆடினா கட்டைய வெச்சு இறுக்கிடலாம். மேல நேரா நிக்குதா?"

"நிக்கிறான். கம்பு ஊனிக்கிட்டு நிக்கிறான்."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. ஹாஜிரா பீ வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

"யாரு பாய்ஜான்?"

"யாரா? கய்யூம்தான். வேற யாரு?"

மீதியை அவர் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார். அங்கே நிக்காஹ் செய்துகொண்டவள் மவுத்தாகி, அடக்கமும் ஆகிவிட்டது. கடை போயிற்று. கய்யூமுக்குக் காலில் நோவு, பார்க்க ஆளில்லை. ஹாஜிரா தேடுகிறாள் என்று கேட்டதும் குழந்தை மாதிரி அழுதானாம். கப்பலில் இடம் கிடைத்ததும் புறப்பட்டு வந்துவிடுவான்.

"அவனால உள்கட்டுப் படி ஏற முடியாதும்மா. கட்டில் போட இந்த முன்ரூம்தான் தோது. அடுத்த வெள்ளிக்கிழம ரெண்டு கூலியாளக் கூட்டியாந்து, இந்த மரச்சாமானெல்லாம் கட்டிப் போட்டுர்றேன். புருசன் வந்த பொறகு நீ எதுக்கு ஆணியும் சுத்தியுமா கஷ்டப்படணும்? கூடவே இருந்து அவனப் பாத்துக்க, அது போதும்."

ஹாஜிரா பீ எழுந்தாள். மூலையில் கிடந்த வில்லையும் துளைக் கருவியையும் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நான் கேட்டது இது. இதும் பேரு பர்மா. எங்க அப்பாஜான் வூட்ல இதும் பேரு பர்மா. உங்க தம்பிய நான் எங்க கேட்டேன்?"

பெரியவர் கருவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் மனிதர் பின்வாங்கவில்லை.

"சரிம்மா. நீ கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணு. வந்ததும் அல்லா குடுத்ததுதானே? வேணாம்னு திருப்பி அனுப்ப அது என்ன கத்தரிக்காயா? ஜமாத்துல எல்லார்ட்டயும் சொல்லிப்புட்டேன், நீ ஏங்கிக் காத்துட்டு இருக்கேன்னு. இனி நான் எப்படி மாத்திச் சொல்றது?" குடையை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. கோபம் வந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது, அதுதான் நிஜம். புருஷன் வருவதுகூட அவ்வளவு பயமில்லை. இந்த அறை போய்விடுமே என்பதுதான் பயம். ஆணியைத் துப்பிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிற ஹாஜிரா பீயை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தக் கிண்ணத்தை நீட்டுகிறவர்கள் வேறு யாராகவாவது இருக்கட்டும். தன்னை மறந்தவனுக்கு வைத்தியம் செய்கிற ஆஸ்பத்திரியா இந்த வீடு?

மறுநாள் காலையில் புர்காவைப் போட்டுக்கொண்டு, இரண்டு சக்கரங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, சாந்தோமில் பவுல்சாமியின் கொல்லைக்குப் போனாள். பவுல்சாமி ராணுவத்தார் ஏலம் விட்ட சாமான்களை வாங்கிப்போட்டு விற்கிறவர். கொக்கி, சங்கிலி, கிழிந்த கூடாரம், ஓட்டை ஜெர்ரி டின் எல்லாம் கடல் காற்றில் துருவேறிக் கிடக்கும்.

"வா பாயம்மா. இன்னா, ஆணியா?"

"ஆணி இல்ல நைனா. பர்மா. நின்னாப்பல தொள போடுமே, அந்த மெஷினு."

பவுல்சாமிக்கு வார்த்தை புரிந்தது. எல்லா ஜாதிப் பட்டறைக்கும் சாமான் விற்கிறவர் ஆயிற்றே. "மூணு கீது. வந்து பாரு" என்று உள்ளே அழைத்துப் போனார்.

முதலாவது, பச்சைப் பெயிண்ட் அடித்து மினுமினுவென்று ஆளுயரத்துக்கு நின்றது. "மிலிட்டரி மாலு. சுச்சு போட்டா பேய் மாரி சுத்தும்" என்றார் பவுல்சாமி. ஹாஜிரா பீக்கு மனசு அதன்மேல் போய்விட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதன் கைப்பிடியை இழுத்தும் விட்டும் பார்த்தாள், கழுத்தைத் தடவினாள், ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு புர்காவுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"எங்க சந்துல வெளக்குக்கே கிருஷ்ணாயில் நைனா. இதுக்குக் கரண்டு உன் வூட்லேந்து கம்பி இழுத்துக் குடுப்பியா?"

இரண்டாவது சின்னது. மேஜைமேல் வைத்துத் திருகினால் போதும். பவுல்சாமி அதைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார். "பொம்பளைக்குத் தோதான மாலு. வேல ஆச்சுன்னா கழட்டி, கட்டிலுக்கு அடில தள்ளிடலாம். ஒருத்தர் கண்ணுலயும் படாது. உங்க வூட்டுக்காரரு வர்றாராமே? கச்சேரி ரோடெல்லாம் அதான் பேச்சு. அவுரு வந்தா இதுதான் உனுக்கு லாயக்கு."

அவள் பையிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து, துளைக்கிற ஊசிக்கடியில் நுழைத்தாள். சக்கரத்தின் நடு ஊசிக்கு நேரே வருவதற்கு முன்பே அதன் விளிம்பு பின்னாலிருந்த கம்பத்தில் போய் இடித்தது. திருப்பி வைத்தாள், அப்போதும் இடித்தது.

"தொண்ட பத்தல" என்றாள். ஊசிக்கும் கம்பத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளி பத்தியிருந்தாலும் அதை அவள் எடுத்திருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம். கட்டிலுக்கு அடியில் தள்ளலாம் என்று சொன்ன மாத்திரத்திலேயே அந்த மெஷின் அவள் மனசிலிருந்து இறங்கிவிட்டது.

மூன்றாவது, சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது. கறுப்பு இரும்பு. தலைமேல் கனத்த ஒரு சுழல் சக்கரம், பக்கத்தில் கைப்பிடி, நடுவில் பற்சக்கரங்கள். பார்க்க லட்சணம் கிடையாது. "அது கொல்லம்பட்டறை சாமான் பாயம்மா. இரும்பு தொளைக்கறது. மரத்துக்கு இல்ல" என்றார் பவுல்சாமி.

"இரும்பத் தொளைக்கறது மரத்தப் பாத்து வெக்கப்படுமா? கொஞ்சம் கிருஷ்ணாயில் குடு."

கந்தையை நனைத்துத் துருவைத் தேய்த்தாள். ஊசி மாட்டுகிற தண்டை இரு விரலால் பிடித்து அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தாள், ஆட்டம் இல்லை. நூலில் ஓர் ஆணியைக் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டு, தண்டு நேரா என்று பார்த்தாள், நேர்தான். நடைவண்டிச் சக்கரத்தை நுழைத்தாள், இடிக்காமல் போய் உட்கார்ந்தது. பிறகு கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். கடகடவென்று ஒரே சீராகச் சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே ஒரு சின்னக் கொக்கி ஒரு பல்லைத் தள்ளியது. தள்ளத் தள்ளத் தண்டு தானாகவே துளித் துளியாகக் கீழே இறங்கியது. மேலிருந்து யாரும் அழுத்த வேண்டாம். இடக் கைக்கு மாற்றிச் சுற்றினாள். இடக் கைக்கும் அது அப்படியே இறங்கியது.

"யா அல்லா" என்று அவள் முணுமுணுத்தது பவுல்சாமிக்குக் கேட்டது. "தோளே வோணாம் இதுக்கு."

"அவசரப்படாத" என்றார் அவர். வியாபாரிதான், ஆனாலும் தெரிந்தவளை ஏமாற்ற மனசில்லை. "இத மேஜ மேல வெக்க முடியாது. தூண்ல தொள போட்டு, போல்ட்டு முடுக்கி மாட்டணும். ஒரு தபா மாட்டினா மாட்டினதுதான், கழட்டறதுக்கு யானதான் வரணும். மாட்டினப்பறம் அந்த ரூம்பு பட்டறதான். பாய் விரிக்கக்கூட எடம் இருக்காது. நாளைக்கு வூட்டுக்காரரு வந்து எடுன்னா எடுக்க முடியாது, பாத்துக்க."

"அதான் நைனா எனக்கு வோணும்."

கைவண்டியில் ஏற்றிக் கட்டி, கச்சேரி ரோடு வழியாக அது வந்தது. வண்டி இழுத்தவனுக்கு ஏற்றிய சாமானின் பேர் பர்மா என்று மட்டும் தெரியும். "ஹாஜிரா பீ வூட்டுக்குப் பர்மா வருது, வழி வுடு, வழி வுடு!" என்று அவன் கூவிக்கொண்டே வந்ததில் சந்தே விழித்துக்கொண்டது. அடுத்த வீட்டு அஸ்மத்துன்னிசா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தட்டில் சர்க்கரையும் பன்னீர்ச் செம்புமாக மாப்பிள்ளையை வரவேற்க ஓடி வந்தாள். வண்டிமேல் கயிற்றால் கட்டுண்டு கறுப்பாகப் படுத்திருந்ததைப் பார்த்து, "இன்னாடி இது, இப்படி எளச்சுப்போய்ட்டாரு!" என்றாள். ஹாஜிரா பீ அந்தச் சர்க்கரையில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

தூணில் துளை போடும் வேலைக்கு அவள் யாரையும் கூப்பிடவில்லை. பழைய வில் கருவியாலேயே போட்டாள். தேக்கு லேசில் இடம் கொடுக்கவில்லை. தோள் நெருப்பாக எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், கை ஓய்ந்தால் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள், மறுபடியும் இழுத்தாள். போல்ட்டுகளை முடுக்கியபோது ஸ்பானரின்மேல் காலை வைத்து ஏறியே நின்றாள். பவுல்சாமி சொன்னது சரி. மெஷினைச் சுற்றி ஆள் நின்று வேலை செய்ய இடம் விட்டால், அந்த அறையில் கட்டில் போட வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஷரஃபுதீன் வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. கூலியாட்கள் இருவரையும் சந்து முனையில் நிறுத்திவிட்டு உள்ளே காலை வைத்தவர், தூணைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது என்னம்மா?"

"பர்மா" என்றாள் ஹாஜிரா பீ. வாயில் ஆணி இல்லை, தெளிவாகவே சொன்னாள்.

பெரியவர் கூலியாட்களைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து போல்ட்டைப் பார்த்தார்கள், தூணைத் தட்டிப் பார்த்தார்கள். "இத எடுக்கணும்னா தூண அறுக்கணும் சாயபு. தூண அறுத்தா கூரை எறங்கிடும்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்கள்.

"அப்ப அவன் எங்கம்மா படுப்பான்?"

"உங்க தம்பிதானே பாய்ஜான். உங்க வூட்ல முன்ரூம்பு இதைவிடப் பெருசு."

"ஜமாத்துல கேட்டா?"

"கூப்புடச் சொல்லுங்க. வர்றேன். எத்தன வருசம் சோறு போடாம, தலாக்கும் சொல்லாம ஒருத்தன் புருசனா இருக்கலாம்னு நானும் நாலு பேரக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். நோவோட வர்றவர வோணாம்னு தொரத்த நான் யாரு? ஊருக்கு வரட்டும், நல்லா இருக்கட்டும். இந்த வூட்டுக்கு மட்டும் வர வோணாம்."

அவள் கீழே குனிந்து, அரக்குப் பூசாத ஒரு சக்கரத்தை எடுத்தாள். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கம்போல் கண்ணில் நீர்தான் முதலில் வந்தது. வாசலில் அஸ்மத்துன்னிசாவும் கூலியாட்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சும்மா நிக்காதீங்க பாய்ஜான். இந்தச் சக்கரத்த ஊசிக்கு அடில வெச்சு ரெண்டு கையாலயும் புடிங்க. எறங்கறப்ப ஒதறும். வுட்டுடாதீங்க."

அவர் வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்து பிடித்தார். ஹாஜிரா பீ கைப்பிடியைச் சுற்றினாள். மேலே கனத்த இரும்புச் சக்கரம் சுழன்றது, ஊசி இறங்கியது. வெள்ளை வெளேரென்ற மரச்சுருள் பொங்கி வந்து அவர் கை மேலும், சலவைச் சட்டை மேலும் விழுந்தது. சக்கரம் உதறியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார், விடவில்லை.

அவள் சக்கரத்தை வாங்கி வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, துளை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். துளை நேராக இருந்தது.

"கப்பல் வந்து எறங்கினா அவங்கிட்ட நான் என்னன்னும்மா சொல்றது?" என்று கேட்டார் பெரியவர். மரத்தூள் படிந்த கைகளை எங்கே துடைப்பது என்று தெரியாமல் முன்னால் விரித்துப் பிடித்திருந்தார்.

ஹாஜிரா பீ அந்தக் கைகளில் அடுத்த சக்கரத்தை வைத்தாள்.